ஒயர்லெஸ் மவுஸ் லேக் அடிக்குதா? மவுஸைத் திட்டுறதுக்கு முன்னாடி டாங்கிள் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க

மதுரையில கேமிங் சென்டர், காலேஜ் ஹாஸ்டல், கம்ப்யூட்டர் கடைன்னு எங்க போனாலும் "ஒயர்லெஸ்ல கேம் ஆட முடியாதுப்பா, லேக் அடிக்கும், கர்சர் கைக்குப் பின்தங்கும்"ங்கிற பேச்சு இன்னும் ஓயல. ஒரு காலத்துல அது உண்மைதான். இன்னைக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளோட (மவுஸ் சிக்னலை வாங்க யூஎஸ்பி போர்ட்ல சொருகுற சின்னத் துண்டு) வர்ற உருப்படியான கேமிங் மவுஸ், விநாடிக்கு 1000 தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லுது. அதாவது 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. சாதாரணமா விக்கிற ஒயர் கேமிங் மவுஸும் அதே 1000 ஹெர்ட்ஸ்தான். அப்புறம் ஏன் நிறையப் பேருக்குக் கர்சர் துள்ளுது? பெரும்பாலும் மவுஸ்ல கோளாறு இருக்காது. டாங்கிளைச் சொருகுன இடத்துலதான் இருக்கும்.

நம்ம வீடுகள்ல வழக்கமான அமைப்பு இதுதான்: சிபியு மேசைக்குக் கீழ சுவரை ஒட்டி நிக்கும், டாங்கிள் அதோட முதுகுப் பக்கம் இருக்கும். மவுஸுக்கும் டாங்கிளுக்கும் நடுவுல இரும்புப் பெட்டி, மேசைப் பலகை, நம்ம கால். அது பத்தாதுன்னு பக்கத்துப் போர்ட்ல யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்துல ஓடுறப்போ, அதோட போர்ட்லயும் கேபிள்லயும் இருந்து கசியுற ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மேலயே வந்து விழுது. இன்டெல் நிறுவனமே 2012ல இதை அளந்து அறிக்கையா வெளியிட்டிருக்கு. மவுஸ் அனுப்புற சன்னமான சிக்னலை அந்த இரைச்சலுக்குள்ள டாங்கிள் பிரிச்சு எடுக்கணும். அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்குக் கோரிப்பாளையத்துல நின்னு ஒருத்தர் காதுல ரகசியம் சொல்ற மாதிரி.

சரிபண்ண நூறு, நூத்தம்பது ரூபாய்தான் ஆகும். 1 மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒண்ணு வாங்குங்க. 2.0 கேபிளே போதும், அதுதான் நல்லதும்கூட, ஏன்னா இரைச்சல் கிளப்புற அதிவேகக் கம்பிகளே அதுக்குள்ள கிடையாது. டாங்கிளை அதுல மாட்டி மேசை மேல, மவுஸ்பேடுக்கு முன்னாடி 20, 30 சென்டிமீட்டர் தூரத்துல வைங்க. சில மவுஸுக்கு இந்த கேபிள் பெட்டிக்குள்ளயே வரும். அதை எடுத்துப் பரண்ல போட்டுட்டு "லேக்"குன்னு சொல்றவங்கதான் அதிகம். வைஃபை ரவுட்டர் அதே மேசையில இருந்தா ஒரு மீட்டராவது தள்ளி வைங்க, கம்ப்யூட்டரை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்துங்க.

சந்தேகம் இருந்தா சோதிச்சுப் பாக்கலாம். ஹார்டு டிஸ்க்ல பெரிய ஃபைல் ஒண்ணைக் காப்பி போட்டுக்கிட்டே மவுஸை வட்டமாச் சுத்துங்க. காப்பி ஓடுறப்போ மட்டும் கர்சர் துள்ளி, முடிஞ்சதும் சரியாச்சுன்னா மவுஸ் மேல ஒரு குத்தமும் இல்ல. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

ப்ளூடூத்துல மட்டும் வேலை செய்யுற மவுஸைக் கேமுக்கு வாங்காதீங்க. இப்போ மவுஸ்கள்ல வர்ற ப்ளூடூத் வகையில ரெண்டு தகவலுக்கு நடுவுல குறைஞ்சது 7.5 மில்லிசெகண்ட் இடைவெளி இருக்கும். எக்செல், வேர்டுக்கு அது தாராளம். எதிராளி மூலையிலிருந்து எட்டிப் பாக்குற நொடிக்கு அது பத்தாது. டாங்கிள், ப்ளூடூத் ரெண்டும் இருக்கிற மவுஸா இருந்தா கேமுக்கு டாங்கிள், ஆபீஸ் லேப்டாப்புக்கு ப்ளூடூத்துன்னு வச்சுக்கலாம்.

இப்போ டிபிஐ. பெட்டி மேல கொட்டை எழுத்துல 12,000, 26,000ன்னு போட்டிருக்கிறதைப் பாத்து விலை பேசுற பழக்கத்தை மொதல்ல விடணும். டிபிஐன்னா மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தா எத்தனை புள்ளி எண்ணுதுங்கிற கணக்கு. விண்டோஸ் வழக்கமான வேகத்துல இருக்க, 1920 பிக்சல் அகலத் திரையில 26,000 டிபிஐ வச்சா, மவுஸை 2 மில்லிமீட்டர் அசைச்சாலே கர்சர் இந்த ஓரத்துலயிருந்து அந்த ஓரத்துக்குப் போயிடும். எந்த மனுசக் கையால அதைக் கட்டுப்படுத்த முடியும்? 800 டிபிஐ வச்சா அதே தூரத்துக்கு 6 சென்டிமீட்டர் நகர்த்தணும். அதுதான் கைக்குள்ள அடங்குற அளவு. குறிபாத்துச் சுடுற கேம் ஆடுறவங்க 400, 800, 1600 இந்த மூணுக்குள்ளதான் பெரும்பாலும் வச்சிருப்பாங்க.

பெட்டியில தேட வேண்டிய எண் ஐபிஎஸ். மவுஸ் அடியில அசைவைப் படிக்கிற சென்சார் தடுமாறாம விநாடிக்கு எத்தனை அங்குலம் வரை தொடர முடியும்ங்கிற அளவு. சாதாரண ஆபீஸ் மவுஸ்கள்ல 30 ஐபிஎஸ் சென்சார் சகஜம். அது விநாடிக்கு 76 சென்டிமீட்டர். கேம்ல சட்டுனு திரும்புறப்போ 30 சென்டிமீட்டரை 0.2 விநாடியில இழுத்தா சராசரி வேகமே விநாடிக்கு 150 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 60 ஐபிஎஸ். சென்சார் அங்க வழி தவறிடும், நீங்க வலது பக்கம் இழுக்க, திரை வானத்தைப் பாக்கும். கலர் லைட் போட்டு "கேமிங்"னு எழுதி ஐந்நூறு ரூபாய்க்கு வர்ற மவுஸ்கள்ல பெரும்பாலும் இந்த வகைச் சென்சார்தான். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தோட பிஏடபிள்யூ3311 சென்சார் 300 ஐபிஎஸ், 3395 சென்சார் 650 ஐபிஎஸ். லாஜிடெக் ஜி304ல இருக்கிற ஹீரோ சென்சார் 400. இந்த மூணுல எது இருந்தாலும் சென்சாரைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல. சென்சார் பேரையே சொல்லாம டிபிஐ மட்டும் போட்டிருக்கிற பெட்டியை வச்சுட்டு வந்துடுங்க.

அடுத்தது கை அளவு. இதுக்கு யாரும் நேரம் ஒதுக்குறதில்லங்கிறது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வச்சு அளங்க. விரலை வளைச்சுப் பிடிக்கிறவங்களுக்கு அந்த நீளத்துல 60லிருந்து 65 சதவீதம் நீளமுள்ள மவுஸ் பொருந்தும். 18 சென்டிமீட்டர் கைன்னா 10.8லிருந்து 11.7. உள்ளங்கை முழுக்கப் பதிச்சுப் பிடிக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூட வேணும், முதுகும் மேடா இருக்கணும். ஜி304 நீளம் 116.6 மில்லிமீட்டர். ரேசர் டெத்ஆடர் வி3 ப்ரோ 128 மில்லிமீட்டர், 44 மில்லிமீட்டர் உயரம். 17 சென்டிமீட்டர் கைக்காரர் அந்தப் பெருசை வாங்கினா சுண்டுவிரல் பேட்ல உரசும், அரைமணி நேரத்துல மணிக்கட்டு வலிக்கும். எவ்வளவு விலை குடுத்தாலும் அந்த வலி போகாது.

அதனால ஆன்லைன்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. "டிஸ்ப்ளே பீஸ் இருந்தா கையில குடுங்கண்ணே"ன்னு கேளுங்க. மேசையில வச்சுத் தள்ளிப் பாருங்க, பெருவிரலும் மோதிர விரலும் இயல்பா எங்க விழுதுன்னு பாருங்க, தூக்கி இறக்குறப்போ வழுக்குதான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் லேசா அமுக்கினா ஓடு கிறீச்சிடக் கூடாது. சைடு பட்டனுக்கு விரலை முழுசா நகர்த்த வேண்டியிருந்தா அந்த வடிவம் உங்களுக்கு இல்ல.

எடையும் பேட்டரியும் ஒரே கதை. உள்ளேயே லித்தியம் பேட்டரி வச்சவை 60 கிராம் பக்கம் வந்துடுச்சு, ஆனா விலை கூட. ஜி304 மாதிரி ஒத்தை டபுள்-ஏ பேட்டரி போடுறது 99 கிராம். மூவாயிரத்தை ஒட்டிச் செலவு பண்றவங்களுக்கு என் ஓட்டு டபுள்-ஏ பக்கம்தான். மூணு வருஷம் கழிச்சு உள்பேட்டரி தளர்ந்துட்டா, அதே அளவு செல் தேடி அலையணும். டபுள்-ஏ முக்குக் கடையிலயே கிடைக்கும். எடை உறுத்தினா சாதாரண அல்கலைன் செல்லுக்கு (23 கிராம்) பதிலா 15 கிராம் லித்தியம் டபுள்-ஏ போடலாம். இல்ல, டிரிபிள்-ஏ செல்லை அடாப்டர் கூட்டுல வச்சுப் போட்டா 10 கிராம் வரை குறையும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்ங்கிறதால பேட்டரி சதவீதம் குறைச்சலாக் காட்டலாம், பயப்படாதீங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்போ மட்டும் செல்லைக் கழட்டி வைங்க. அல்கலைன் செல் ஒழுகினா ஸ்பிரிங்ல வெள்ளைப் பொடி பூக்கும். பஞ்சுக் குச்சியில ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைச்சு, ஈரத்துணியால ஒரு தடவை ஒத்தி, நல்லாக் காய விட்டா சரியாகும்.

உள்பேட்டரி மவுஸ் வச்சிருக்கிறவங்க நம்ம ஊர் வெயிலை மனசுல வச்சுக்கணும். லித்தியம் செல்லைப் பொதுவா 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக் கூடாது. கத்திரி வெயில்ல தகரம் போட்ட மாடி அறை மத்தியானம் அந்தச் சூட்டை நெருங்கிடும். ராத்திரி சார்ஜ் போடுங்க. இன்னொண்ணு: சில மவுஸ் ரெண்டு முனையும் சி-டைப்பா இருக்கிற கேபிள்ல சார்ஜே ஏறாது. போர்ட்ல இருக்க வேண்டிய ரெண்டு சின்ன ரெசிஸ்டரைத் தயாரிப்புல விட்டுடுறதுதான் காரணம். பெட்டியில வந்த கேபிளைக் கம்ப்யூட்டர்ல சொருகினா ஏறும்.

வெயிலும் வேர்வையும் மவுஸோட மேலோட்டையும் பதம் பாக்கும். பக்கவாட்டுல மெத்துனு ரப்பர் பூச்சு அடிச்ச மவுஸ் கடையில சொகுசாத்தான் இருக்கும். ஈரப்பதத்துல அந்தப் பூச்சு நாளடைவுல சிதைஞ்சு பசை மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் நமக்கு லாயக்கு. எடை குறைக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டதும் வேண்டாம், ரோட்டோர வீடுன்னா ஒரே மாசத்துல உள்ளே புழுதி படிஞ்சிடும்.

ஒருதடவை அமுக்கினா ரெண்டு கிளிக் விழுற கோளாறுக்கு வருவோம். உள்ளே இருக்கிற மைக்ரோ ஸ்விட்ச்ல ஒரு சின்ன செம்புத் தகடு இருக்கு, அது போய்த் தொடுறப்போதான் கிளிக் பதிவாகும். தகடு தளர்ந்தாலோ தொடுற முனையில ஆக்சைடு படிஞ்சாலோ, ஒரு தொடுகை ரெண்டு மூணாத் துள்ளிப் பதிவாகும். ஒயர்லெஸ் மவுஸ் பேட்டரியை மிச்சம் பிடிக்க ரொம்பக் குறைஞ்ச கரன்ட்ல ஓடுறதால, அந்தப் படிவைச் சுட்டுத் தள்ளுற சக்தி அதுக்குக் கிடையாது. ஆப்டிகல் ஸ்விட்ச்ல இந்தத் தொல்லையே இல்ல, அங்க அகச்சிவப்பு ஒளிக்கதிர் வெட்டுப்படுறதுதான் கிளிக். ரெண்டு மவுஸுக்கு நடுவுல தயங்குறவங்க ஆப்டிகலை எடுங்க.

மெக்கானிக்கல் ஸ்விட்ச் கெட்டுப்போச்சு, வாரன்டியும் முடிஞ்சுடுச்சுன்னா தூக்கிப் போடாதீங்க. சாஃப்ட்வேர்ல டீபவுன்ஸ் நேரத்தை (ஒரு கிளிக்குக்கு அப்புறம் அடுத்ததை ஏத்துக்காம இருக்கிற இடைவெளி) 4லிருந்து 10 மில்லிசெகண்டுக்கு ஏத்தினா கொஞ்ச நாள் ஓடும். நிரந்தரத் தீர்வு ஸ்விட்ச் மாத்துறதுதான். மூணு கால் ஸ்விட்ச், செல்போன் சர்வீஸ் கடையில சால்டரிங் தெரிஞ்ச தம்பி கால்மணி நேரத்துல மாத்திடுவார். ஸ்குரூ பெரும்பாலும் அடிப்பாதத்து வழுக்கு ஸ்டிக்கருக்குக் கீழதான் ஒளிஞ்சிருக்கும், அதனால புது ஸ்டிக்கர் செட்டையும் கையோட வாங்கிட்டுப் போங்க. மொதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டச் சொல்லுங்க. இடது ஒண்ணு மட்டும் கெட்டிருந்தாலும் ரெண்டையும் ஒரே வகையா மாத்துங்க, இல்லைன்னா கிளிக் அழுத்தம் ரெண்டு விரலுக்கும் வேற வேறயா இருக்கும். ஸ்விட்ச்ல தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதையும் விடாதீங்க. புழுதியைப் பிடிச்சு வச்சுக்கும்.

காசு விஷயத்துல என் கருத்தை நேராச் சொல்றேன். ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழதான் பட்ஜெட்டுன்னா ஒயர் மவுஸ் வாங்குங்க. அந்த விலையில ரேடியோவும் பேட்டரியும் தின்ன காசு சென்சார்லதான் குறையும். மூவாயிரத்தை ஒட்டி நல்ல ஒயர்லெஸ் கிடைக்குது. பத்தாயிரத்துக்கு மேல 4000, 8000 ஹெர்ட்ஸ்னு விக்கிறதை 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சிருக்கிறவங்க தொடவே வேண்டாம். உங்க திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருதடவைதான் மாறுது. மவுஸ் 0.125 மில்லிசெகண்டுக்கு ஒருதடவை பேசி என்ன ஆகப்போகுது? பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும், பிராசசருக்கும் வேலை கூடும். அந்தக் காசுல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குங்க. 45க்கு 40 சென்டிமீட்டர் துணி மவுஸ்பேடும் கட்டாயம் வேணும். கண்ணாடி மேசையில பெரும்பாலான சென்சார் தடுமாறும்.

ஆன்லைன்ல வாங்கினா பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க. திருப்பிக் குடுக்கிற கெடு முடியறதுக்குள்ள கம்பெனி சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்க. அது மவுஸை அடையாளம் காணலைன்னா போலியா இருக்க வாய்ப்பு அதிகம்.

செட்டிங்ல ரெண்டே வேலை. விண்டோஸ் மவுஸ் ஆப்ஷன்ல பாயின்டர் பிரிசிஷன் டிக்கை எடுத்துடுங்க. அது இருந்தா கை வேகத்துக்குத் தக்கபடி தூரம் மாறும், பழக்கம் படியாது. அப்புறம் 800 டிபிஐ, வாலரன்ட் கேம்ல 0.35 சென்சிட்டிவிட்டில ஆரம்பிங்க. முழுசா ஒரு சுத்துத் திரும்ப 47 சென்டிமீட்டர் ஆகும். கவுன்டர் ஸ்ட்ரைக்கும் ஆடுறவங்க வாலரன்ட் எண்ணை 3.18ஆல் பெருக்கிப் போட்டா அதே வேகம் கிடைக்கும். ரெண்டு வாரமாவது மாத்தாம ஆடுங்க.

பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கும் மதுரைக்கும் மவுஸோட அலையுறவங்க, கிளம்புறப்போ டாங்கிளை லேப்டாப்ல இருந்து கழட்டி மவுஸுக்குள்ள அதுக்குன்னு இருக்கிற குழியில வச்சுடுங்க. தொலைஞ்சா மாத்து டாங்கிள் எல்லா மாடலுக்கும் கிடைக்காது.