மூட்டைக் கணக்கில் விற்கப்படும் பொய்ச்சாட்சிகள்

முப்பதே நாளில் கூகுளின் முதல் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்று சொல்லிச் சிறு வியாபாரிகளின் காசைப் பிடுங்குகிறவர்கள் மீது எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பம் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் பயிரிட்டு, அரிசியாகவும் அவலாகவும் இணையதளம் வழியாக விற்று வருகிறது. நாற்று விட்டதிலிருந்து ஐந்து மாதத்துக்கும் மேல் காத்திருந்தால்தான் மாப்பிள்ளைச் சம்பா களத்துக்கு வரும் என்பது தெரிந்த நாங்களே, ஒரு மாதத்தில் பெயர் விளைந்துவிடும் என்ற பேச்சை நம்பி 18,000 ரூபாயைக் கட்டினோம். அது அந்த ஆண்டு அறுவடைக் கூலிக்கென்று அக்கா தனியாக எடுத்து வைத்திருந்த பணம்.

அவர்கள் விற்றது '1,000 பேக்லிங்க்', அதாவது மற்ற தளங்களிலிருந்து எங்கள் தளத்தைச் சுட்டும் ஆயிரம் இணைப்புகள், என்ற பொட்டலம். மாதக் கடைசியில் ஒரு எக்செல் தாள் வந்தது. வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்று சூதாட்டத் தளம். அடுத்தது நாய்க்குட்டி மருந்து விற்கும் பக்கம். அதற்கடுத்தது எனக்கு எழுத்துக்கூடத் தெரியாத மொழியில் இருந்த ஏதோ ஒரு விவாதக் களம். இப்படி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், முன்னும் பின்னும் தொடர்பில்லாத வாக்கியங்களுக்கு நடுவே, 'மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஆன்லைனில் வாங்க' என்ற அதே ஐந்து சொற்கள், ஓர் எழுத்துக்கூட மாறாமல், எங்கள் தளத்துக்கு இணைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எழுநூறு வரிகளுக்கு மேல் பார்த்த பிறகும், அரிசியைப் பற்றியோ உழவைப் பற்றியோ பேசும் ஒரு பக்கம்கூட அகப்படவில்லை. இதைக் கேட்டதற்கு, "டொமைன் அத்தாரிட்டி ஏறும் சார், பொறுத்துப் பாருங்கள்" என்றார்கள். ஒரு தளம் தேடலில் எவ்வளவு முன்னால் வரும் என்று ஊகிக்கும் அந்த மதிப்பெண், மாஸ் என்ற தனியார் நிறுவனம் தானாகக் கணக்கிட்டுக் கொடுப்பது என்பதும், தரவரிசைக்கு கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதும் பணம் போன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

இணைப்பு என்றால் என்ன என்று யாராவது முதலிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரினும், இணைப்புகளை வைத்துப் பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறையை விளக்கி எழுதியபோது, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைச் சுட்டுவதை ஒரு பரிந்துரையாகவே எடுத்துக்கொண்டார்கள். சுட்டுகிற பக்கம் எவ்வளவு மதிப்புள்ளதோ, அந்தச் சுட்டலுக்கும் அவ்வளவு கனம் உண்டு. நம் ஊர் வழக்கில் சொன்னால் அது சாட்சி. பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். வழியில் போகிற ஆயிரம் பேரைக் கூலிக்குப் பிடித்து வந்து நிறுத்தினால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? கூகுளும் ஏற்றுக்கொள்வதில்லை. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது இப்படிப்பட்ட செயற்கை இணைப்புகளைக் குறிவைத்துத்தான். 2016இல் அதைத் தன் அடிப்படைத் தரவரிசை முறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. தரவரிசைக்காக இணைப்பை விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்று அதன் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. இதையே தொழிலாகச் செய்கிற அவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் எங்கள் தலையில் கட்டினார்கள்.

பொங்கல் விற்பனைதான் எங்களுக்கு ஆண்டின் பாதி. தை பிறக்க மூன்று வாரம் இருந்தபோது, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தகவல் தரும் சர்ச் கன்சோலில், எங்கள் தளத்துக்கு இயற்கைக்கு மாறான இணைப்புகள் வருகின்றன என்ற தண்டனை அறிவிப்பு வந்தது. அதுவரை இரண்டாம் பக்கத்திலாவது தெரிந்த தளம் தேடினாலும் கிடைக்காத இடத்துக்குப் போய்விட்டது. இணைப்பு விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. இணைப்பை நீக்கும்படி ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினேன். நீக்குவதற்குத் தனியாகக் காசு கேட்டவர்களும் உண்டு. மீதியை வரிக்கு ஒரு தளமாகத் தட்டச்சு செய்து, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டிசவோ கோப்பாகக் கொடுத்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். விடியற்காலையில் கோயிலில் மார்கழி ஒலிபெருக்கி தொடங்கும் வரை உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பிரித்த இரவுகளை என்னால் மறக்க முடியாது. நெல்லைத் தூற்றினால் பதர் காற்றோடு போய்விடும். இந்தப் பதரை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டியிருந்தது. தண்டனை விலக்கப்பட்டபோது பொங்கலும் முடிந்து, மாசியும் பிறந்திருந்தது.

பொய்ச்சாட்சி சொன்னவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மைச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாயை மூடிக்கொள்வது இன்னும் அதிகமாக வலிக்கிறது. எங்கள் தளத்தில் நாற்றுப் பறிக்கும் படம் ஒன்று இருக்கிறது. சேற்றில் முழங்கை வரை நனைந்த கை, பச்சைக் கண்ணாடி வளையல், வைக்கோல் பிரியால் கட்டிய நாற்று முடிச்சு. அது என் அக்காவின் கை, எடுத்தவன் நான். டெல்டா விவசாயத்தைப் பற்றி எழுதிய ஒரு பெரிய செய்தித் தளம் அந்தப் படத்தையும், விதை நேர்த்தி குறித்து நாங்கள் எழுதிய நான்கு பத்திகளையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே 'நன்றி: இணையம்' என்று எழுதியிருந்தது. இணையம் எந்த வயலில் இறங்கி நாற்றுப் பறித்தது? எங்கள் பெயரைப் போட்டு ஓர் இணைப்புக் கொடுக்க அவர்களுக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. எங்களுக்கோ அது 1,000 குப்பை இணைப்புகளைவிடப் பெரிது. விளம்பர இணைப்பு என்று கூகுள் தவறாக எடுத்துக்கொள்ளும் என்ற பயமும் வேண்டியதில்லை. காசு வாங்கிப் போடும் இணைப்புக்கென்று 2019 முதல் தனி அடையாளமே இருக்கிறது. காசு வாங்காமல், மூலத்தைக் காட்டுவதற்காகக் கொடுக்கும் இணைப்புக்கு அது தேவையே இல்லை. மூன்று முறை எழுதினேன். படத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். பத்திகள் அப்படியே இருக்கின்றன.

எங்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் தெரியுமா? கோயம்புத்தூரில் ஒரு வாடிக்கையாளர், மாப்பிள்ளைச் சம்பாவை இரவு முழுக்க ஊற வைத்துக் கஞ்சி காய்ச்சும் பக்குவத்தைத் தம் சமையல் பக்கத்தில் எழுதி, 'மன்னார்குடியிலிருந்து வாங்கிய அரிசி' என்ற இடத்தில் எங்கள் தளத்தைச் சுட்டினார். நாங்கள் கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. அந்த ஓர் இணைப்பு வழியாக இன்றும் ஆட்கள் வந்து அரிசி வாங்குகிறார்கள். பாரம்பரிய விதை காப்பவர்களின் பட்டியல் ஒன்றில் எங்கள் பழைய, செயலிழந்த முகவரி இருந்தது. மாற்றித் தாருங்கள் என்று பணிவாகக் கேட்டேன், மறுநாளே மாற்றினார்கள். எங்கள் அவலை வாங்கிப் பரிமாறும் கும்பகோணத்து உணவகமும் தன் தளத்தில் எங்கள் பெயரைச் சேர்த்தது. இரண்டு ஆண்டுகளில் இப்படிக் கிடைத்தவை மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றும் எங்கள் அரிசியைத் தின்றவரோ, எங்கள் வயலை அறிந்தவரோ கொடுத்தது.

போன வாரம் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஒரு தம்பி, அதே பொட்டலத்தை வேறொரு பெயரில் தனக்கு விற்க வந்திருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். என் எக்செல் தாளை முழுதாக அவருக்கு அனுப்பிவிட்டேன்.