முக்கோணம் போட்டால் முடிந்துவிட்டதா?

பாட்டிலைத் திருப்பினால் அடியில் அம்புக்குறி முக்கோணம், நடுவே ஒரு எண். பார்க்கிறவர்கள் எல்லாம் மறுசுழற்சி ஆகும் என்றுதான் நினைப்பார்கள், வேறு எப்படி நினைப்பதாம்? அதுதான் இல்லை! 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த அந்த எண், இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET), 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் 'மற்றவை'. மற்றவையாம்! தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? 2013-இல் அம்புகள் வேண்டாம், வெறும் முக்கோணம் போதும் என்று தரநிலையை மாற்றினார்கள், ஆனால் பாட்டில் வார்க்கும் பழைய அச்சுகளை மாற்றத் தேவையில்லை என்று விட்டுவிட்டதால் அம்பு இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் அந்தப் பச்சைப் புள்ளி. ஐரோப்பியப் பொருள்களில் இரண்டு அம்புகள் வட்டமாகப் பின்னிக்கொண்டு இருக்குமே, அது தயாரிப்பாளர் கழிவு சேகரிப்புக்குப் பணம் கட்டியதற்கு ரசீது மாதிரி, அவ்வளவுதான்.

'மட்கும்' என்று இலைப் படத்தோடு பெரிய எழுத்து. எங்கே மட்கும், எத்தனை நாளில்? பிஎல்ஏ (PLA) என்கிற தாவரப் பிளாஸ்டிக்கில் செய்த கோப்பை பெரும்பாலும் 60 டிகிரி அளவு சூடு உள்ள உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மட்கும், வீட்டு உரத்தொட்டியில் முழித்துக்கொண்டு கிடக்கும். 'மறுசுழற்சிப் பொருளால் ஆனது' என்றால் முழுதுமா, பாதியா, மூடி மட்டுமா? சதவீதம் போட்டால் கை வலிக்குமா? பொடி எழுத்தில் 'வசதி உள்ள இடங்களில் மட்டும்' என்று ஒரு வரி வேறு. அந்த வசதி எங்கே இருக்கிறது என்று காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான்தான் விசாரித்துத் திரிய வேண்டுமாம்.