ஜி ஷார்ப்ப தப்புன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டியா நீ

"உங்க மெலடியில ஸ்கேலுக்கு வெளிய ஒரு நோட் இருக்கு, சரி பண்ணவா?"ன்னு கேக்குதுங்க இந்த கார்ட் ப்ராக்ரஷன், அதாவது மெலடிக்குக் கீழ வரிசையா வாசிக்கிற கார்டுங்க (ஒண்ணா அடிக்கிற நோட்டுக் கூட்டம்), போட்டுத் தர்ற சாஃப்ட்வேர். டேய், அந்தப் பாட்டோட உயிரே அந்த ஜி ஷார்ப்தான்டா!

ட்யூன் ஏ மைனர். சாதா ஏ மைனர்ல வெறும் ஜி-தான். ஆனா பல்லவி முடியிற இடத்துல ஜி ஷார்ப் தொட்டு ஏ-ல வந்து உக்காரும். ஹார்மோனிக் மைனர், அதாவது கீரவாணி ஸ்கேல், நான் ஒண்ணும் உலகத்துல இல்லாதத பண்ணிடல. அந்த இடத்துல ஈ மேஜர் விழணும், ஏன்னா அதோட நடு நோட்டே ஜி ஷார்ப்தான். இது என்ன குடுக்குது? ஏ மைனர், எஃப், சி, ஜி. வேற குடுன்னா எஃப், சி, ஜி, ஏ மைனர். அதே நாலு பேர சீட்டு மாத்தி உக்கார வெச்சிட்டு அதுக்கு "ஃப்ரெஷ் ஐடியா"ன்னு பேரு வேற. பகடை பட்டன அமுக்கினா ஈ மைனர் வருது, ஆஹா கிட்ட வந்துட்டோம்னு ப்ளே பண்ணா கீழ கார்டுல ஜி, மேல மெலடில ஜி ஷார்ப், ரெண்டும் ஒரே நேரத்துல அடிச்சிக்கிது, எனக்கு பல்லு கூசுது.

சரி சனியனேன்னு ஈ மேஜர நானே கையால போட்டு லாக் பண்ணிட்டு மத்தத மட்டும் ஜெனரேட் பண்ணு சாமின்னு விட்டேன். உடனே ஐயாவுக்கு ஞானம் வந்துருச்சு, பாட்டே ஈ மேஜராம்! ஈ, பி, சி ஷார்ப் மைனர், ஏ. மறுபடியும் அதே ஒண்ணு, அஞ்சு, ஆறு, நாலு, வேற ஸ்கேல்ல. இப்ப என் மெலடில இருக்குற சி எல்லாம் தப்பாம். "சரி பண்ணவா?" நீ முதல்ல உன்ன சரி பண்ணு!

காம்ப்ளெக்ஸிட்டின்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அத முழுசா ஏத்துனா அதே கார்டுங்களுக்குப் பின்னாடி செவன்த், நைன்த்னு பட்டம் ஒட்டிவிடும், அவ்ளோதான். வாய்ஸ் லீடிங்னா, அதான் ஒரு கார்டுல இருந்து அடுத்ததுக்கு ஒவ்வொரு நோட்டையும் அலுங்காம நகத்துறது, என்னன்னே தெரியாது. ஈ மேஜர்ல இருந்து ஏ மைனருக்குப் போறப்ப ஈ அங்கயே நிக்கலாம், ஜி ஷார்ப்பும் பி-யும் அரை ஸ்டெப் ஏறுனா போதும், ஆனா இது மொத்த கார்டையும் தூக்கிட்டுக் குதிக்கும்.

கடைசியா எல்லாத்தையும் நானே மாத்தி எழுதிட்டு மிடி (MIDI) ஃபைலா, அதாவது வேற மியூசிக் சாஃப்ட்வேர்ல தொறக்குற நோட்டு ஃபைலா, எக்ஸ்போர்ட் குடுத்தா, அதுக்கு ப்ரோ பிளானாம். நான் போட்ட கார்டு, எனக்கே விக்கிறான்.

சிரிப்புதான் வந்துச்சு. மூடி வெச்சிட்டு கிட்டார எடுத்து கேப்போ (கழுத்துல கம்பிங்கள அழுத்திப் புடிக்கிற க்ளிப்) மாட்டுனா ஜி ஸ்ட்ரிங் சுருதி தானா ஷார்ப்பா ஏறி நிக்கிது. அட, இந்த கேப்போ செய்றவனுங்களுக்கெல்லாம் காது இருக்கா இல்லியா?