நம் ராத்திரியை விற்றது அமெரிக்காக்காரன் இல்லை

ஐபிஎல் ராத்திரி ஆட்டம் ஏழரை மணிக்கு ஆரம்பம். நியூயார்க்கில் அப்போது காலை பத்து. சேப்பாக்கத்தில் முதல் பந்து வீசுகிற அதே நேரத்தில் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் அமெரிக்கக் கிழக்குக் கரை கிளையண்ட்டுக்கு வேலை பார்க்கிற ஐடி கூட்டம் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன முடிப்போம் என்று ஸ்டாண்ட்-அப் கால் என்கிற தினசரி ஆன்லைன் மீட்டிங்கில் ஒப்பித்துக்கொண்டிருக்கும். மார்ச் கடைசியில் தொடங்கி மே முடிகிற வரை இதே கதைதான். மேட்ச் பார்க்க முடியவில்லை என்றா இவ்வளவு கோபம் என்று கேட்டால், ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான். நாள் முழுக்க உழைத்தவன் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆட்டம் பார்க்க ஆசைப்படுவது ஒரு குற்றமா? அந்த ஏழரை மணிதான் பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்கிற நேரம், ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுகிற நேரம், எல்லோரும் ஒன்றாகத் தட்டு வைத்து உட்காருகிற நேரம். அது எங்களுக்கு இல்லை.

அவுட்சோர்சிங்கே கேடு என்று நான் சொல்லவில்லை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்கிற ஐடி வளாகம் திறந்ததிலிருந்து இந்தப் பழைய மகாபலிபுரம் சாலை எத்தனை குடும்பங்களைக் கரையேற்றியது என்று கண்ணால் பார்த்தவன் நான். அப்பா விவசாயக் கூலி, மகள் டேட்டாபேஸ் அட்மின் என்கிற வீடுகள் என் டீமிலேயே உண்டு. வெள்ளைக்காரனுக்கு அடிமை வேலை என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒட்டுதலே கிடையாது. வேலை வேலைதான். என் கோபம் வேறு இடத்தில்.

கிளையண்ட் இந்த ராத்திரியைக் கேட்கவே இல்லை. இதைத்தான் நம் ஆட்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

ஒரு கால் நடந்தது. ராத்திரி பத்து தாண்டியிருக்கும். எதிர்ப்பக்கம் இருந்த கிளையண்ட் லீட் பெண்மணி கேமராவில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரொம்ப லேட் ஆகிவிட்டதே, இதை இங்கே காலை எட்டரைக்கு மாற்றிக்கொள்ளலாமா? எனக்கு ஒன்றும் சிரமமில்லை" என்றார். நல்ல மனுஷி. கோடைக்காலத்தில் அங்கே எட்டரை என்றால் இங்கே மாலை ஆறு. ஏழு மணிக்கெல்லாம் லேப்டாப்பை மூடிவிடலாம். டீமில் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. அடுத்த நொடியே எங்கள் டெலிவரி மேனேஜர் மியூட்டை எடுத்துவிட்டு, "அதெல்லாம் வேண்டாம், எங்கள் டீம் ரொம்ப ஃப்ளெக்சிபிள், அவர்களுக்குப் பழகிவிட்டது" என்றார். பழகிவிட்டதாம்! யாரைக் கேட்டுச் சொன்னார்? அந்தப் பெண்மணி இரண்டு நொடி பேசாமல் இருந்துவிட்டு, சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். எங்கள் ராத்திரி அந்த இரண்டு நொடியில் போனது.

இது ஒரு மேனேஜரின் தனிக்குணம் என்று விட்டுவிட முடியாது. கான்ட்ராக்ட் பிடிக்கப் போகும்போதே 'முழு ஓவர்லாப்', அதாவது கிளையண்ட்டின் வேலை நேரம் முழுக்க எங்கள் ஆட்களும் இருப்பார்கள், என்று ஸ்லைடில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அடுத்த கம்பெனி நாலு மணி நேரம் ஓவர்லாப் தருகிறேன் என்றால் நம்மவர் எட்டு மணி நேரம் என்கிறார். மணிக்கணக்கு ரேட்டில் போட்டி போட முடியாதபோது ஊழியனின் தூக்கத்தைத் தள்ளுபடியாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் கைப்பணம் பத்து பைசா போகாது. ஷிப்ட் அலவன்ஸ் என்று ஒன்று பாலிசியில் இருக்கும். ஆனால் ஷிப்ட் பட்டியலில் நம்மை 'ஜெனரல் ஷிப்ட்' என்று போட்டுவிட்டால் அதுவும் கிடையாது. காலை பத்தரைக்கு கம்பெனிக்குள் ஒரு மீட்டிங், ராத்திரி பத்தரைக்கு கிளையண்ட் கால், நடுவில் புரோகிராம் எழுதுகிற வேலை. இதற்குப் பெயர் ஜெனரல் ஷிப்ட்!

டைம்ஷீட்டைத் திறந்து பாருங்கள். ஒரு நாளுக்கு எட்டு மணிக்கு மேல் போட்டால் கட்டம் சிவப்பாகி எர்ரர் காட்டும். பதினொரு மணி நேரம் உழைத்தவன் அந்தச் சிவப்பைப் போக்க எட்டு என்று மாற்றி சப்மிட் செய்ய வேண்டும். மொத்தமாக ஒரு விலை பேசிய ஃபிக்ஸ்ட் பிரைஸ் பிராஜெக்ட்டில் அந்த மூன்று மணி நேரம் கம்பெனிக்குச் சுத்த லாபம். மணிக்கணக்கில் பில் போடுகிற பிராஜெக்ட்டிலோ, எட்டு மணிக்கு மேல் கிளையண்ட் தரமாட்டார் என்பதால் நாங்கள் வேலை பார்த்ததற்கே தடயம் இருக்காது. வாரந்தோறும் நம் கையாலேயே நம் உழைப்பை அழிக்கவைக்கிறார்கள். எனக்கு இதைவிடக் கொதிப்பேற்றுகிற ஒரு திரை உலகத்தில் கிடையாது.

அப்புறம் அந்த நவம்பர் மாதம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நம் நாட்டுக் கடிகாரம் அசையாது. அதனால் நவம்பரில் நம் கால் எல்லாம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய் விழும். ஏழரை எட்டரை ஆகும், பத்து பதினொன்று ஆகும். 2025 நவம்பர் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை ஃபைனல். மழையால் மாலை ஐந்துக்குத்தான் ஆட்டமே தொடங்கியது. ஷெஃபாலி 87, தீப்தி ஐந்து விக்கெட், தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வீழ்த்தி நம் பெண்கள் முதல் தடவையாக ஒருநாள் உலகக் கோப்பையைத் தூக்கியபோது நள்ளிரவு ஆகியிருந்தது. எத்தனை வருடக் காத்திருப்பு அது! சந்தோஷத்தில் கண் கலங்கிப்போய்ப் படுத்தேன். அதே ஞாயிறுதான் அங்கே கடிகாரம் மாறிய நாள். மறுநாள் காலெண்டரைத் திறந்தால் எல்லாக் காலும் ஒரு மணி நேரம் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒருவர் கூட, ஒரே ஒரு மேனேஜர் கூட, இதை நம் நேரப்படி பழைய இடத்திலேயே வைக்கலாமா என்று கேட்கவில்லை.

கிரிக்கெட்டில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கணும். 2024 ஜூனில் டி20 உலகக் கோப்பையின் சில ஆட்டங்கள் நியூயார்க்கில் நடந்தன. இந்தியா அங்கே ஆடிய ஆட்டங்கள் உள்ளூர் நேரம் காலை பத்தரைக்குத் தொடங்கின. வேலை நாளான புதன்கிழமை கூட அப்படித்தான். ஏன்? இங்கே அப்போது இரவு எட்டு, நம் டிவி முன்னால் கோடிக்கணக்கான பேர். காசு இந்தியாவிலிருந்து வருகிறது, அதனால் நியூயார்க் காலையில் எழுந்து ஆடுகிறது. பாகிஸ்தானை வெறும் 119 ரன் வைத்துக்கொண்டு ஆறு ரன்னில் மடக்கிய அந்த ஜூன் 9 ஆட்டமும் அப்படித்தான் நம் சாயங்காலத்துக்கு வந்து சேர்ந்தது. நேரத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மனசு வைத்தால் உலகக் கோப்பையையே மாற்றலாம். ஆனால் பதினைந்து நிமிட ஸ்டாண்ட்-அப்பை மாற்ற முடியாதாம்.

அதே தொடரில்தான் சௌரப் நேத்ரவால்கரைப் பார்த்தோம். மும்பைப் பையன், 2010-இல் இந்தியாவின் அண்டர்-19 அணியில் ஆடியவர், படிக்க அமெரிக்கா போய் ஆரக்கிளில் இன்ஜினியர் ஆனவர். அமெரிக்க அணிக்காக சூப்பர் ஓவர் வீசி பாகிஸ்தானைச் சாய்த்தார், அடுத்த வாரம் விராட் கோலியை முதல் பந்திலேயே வெளியே அனுப்பினார். அவர் வேலை பார்க்கிற கம்பெனியே பெருமையோடு வாழ்த்திப் பதிவு போட்டது. அங்கே ஒரு இன்ஜினியர் வேலையில் இருந்துகொண்டே உலகக் கோப்பையில் பந்து வீச முடிகிறது. இங்கே ஒரு இன்ஜினியர் அந்த ஓவரைப் பார்க்கக்கூட பெர்மிஷன் கேட்க வேண்டியிருக்கிறது. திறமையிலா வித்தியாசம்? கல்லூரிக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடிய இரண்டு பேர் என் ஃப்ளோரிலேயே இருக்கிறார்கள். இருவருக்கும் இப்போது முதுகு வலி. கடைசியாக எப்போது மைதானத்தில் கால் வைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரிக்கிறார்கள்.

இதற்கு நடுவில் பெரிய மனிதர்களின் உபதேசம். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். ஐயா, எங்கள் மனைவிக்கும் வேலை இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை. நீங்கள் சொல்கிற அந்த மணிக்கணக்கை நாங்கள் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், சிவப்பு எர்ரர் காட்டும் என்பதால் எழுத முடியவில்லை. புதிதாகச் சேருகிற ஃப்ரெஷர் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறதே, அதைப் பற்றி ஒரு மேடையில் பேசுங்கள். அந்தச் சம்பளத்தில் துரைப்பாக்கத்தில் மூன்று பேர் ஒரு அறையில் தங்கித்தான் பிழைக்க முடியும்.

வாயைத் திறந்தால் பயம் காட்டுவார்கள். அந்தப் பயத்துக்கு இப்போது தீனி நிறைய. நாட்டின் மிகப் பெரிய ஐடி நிறுவனம் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை அனுப்பப்போவதாக அறிவித்தது. செப்டம்பரில் ட்ரம்ப் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார். அதே மாதம் அவர்கள் செனட்டில் ஓஹையோக்காரர் ஒருவர், வெளிநாட்டுக்கு வேலையை அனுப்புகிற கம்பெனிகள் மீது 25 சதவீத வரி போட மசோதா கொண்டுவந்தார். ஒவ்வொரு செய்தி வரும்போதும் எங்களுக்கு டவுன்ஹால் என்று எல்லோரையும் கூட்டி மீட்டிங் நடக்கும். "நிலைமை சரியில்லை, எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக ஒத்துழைக்கணும்" என்பார்கள். நிலைமை நன்றாக இருந்தபோது மட்டும் என்ன செய்தீர்கள்? 2021-இல் ஆள் கிடைக்காமல் நீங்கள் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடிய காலத்தில் கூட இந்தக் கால் ராத்திரி பத்துக்குத்தான் இருந்தது. ஆள் வேண்டாம் என்றால் சில நாளில் கணக்கை முடித்து அனுப்புகிறீர்கள். நாங்களாகப் போகிறோம் என்றால் தொண்ணூறு நாள் நோட்டீஸ். அதே அமெரிக்காவில் இரண்டு வாரம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்கள் நேரத்தை மட்டும் இறக்குமதி செய்தீர்களே, அந்த இரண்டு வார வழக்கத்தையும் கொண்டுவந்திருக்கலாமே.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது, அதற்கு மேல் வாங்கினால் தொழிலாளிக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது. உடனே எச்ஆர் சொல்வது, நீங்கள் தொழிலாளி இல்லை, எக்ஸிகியூட்டிவ் என்று. டீமே இல்லாதவனுக்கு 'லீட்' என்று பட்டம் கொடுப்பது இதற்குத்தான். பட்டத்தைப் பார்க்காமல் செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் போக்கு. வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒரு ஐடி ஊழியர் ஏழு வருடம் வழக்கு நடத்தி, 2022-இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். ஏழு வருடம்! யாருக்கு இருக்கிறது அந்தத் தெம்பு? வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமல் இருக்கிற உரிமை பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் சட்டம். நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2025 டிசம்பரில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் இது முடியாதது இல்லை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்ததில் சில நாளிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வரே அறிவித்தார். சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் 1923-இல் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறு வருடம் கழித்து. அந்தத் தொழிலாளர்கள் சத்தம் போட்டார்கள், கிடைத்தது. நாம் வாட்ஸ்அப் குரூப்பில் மீம் போட்டுவிட்டு காலில் சேர்ந்துவிடுகிறோம். எனக்கு இதுதான் தாங்கவில்லை. ஐடி ஊழியர் சங்கம் சென்னையில் இருக்கிறது. உறுப்பினர் படிவம் ஒரு பக்கம்தான். என் ஃப்ளோரில் அதை நிரப்பியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இந்த வருடமும் மே முதல் தேதிக்கு மாலை கால் ஒன்று காலெண்டரில் வந்து விழுந்திருக்கிறது. அன்று தமிழ்நாட்டில் சட்டப்படி கட்டாய விடுமுறை. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் மாற்று விடுமுறை. இன்வைட்டை டிக்லைன் செய்து, காரணம் கேட்கிற கட்டத்தில் "மே தினம்" என்று எழுதி, டீம் மொத்தத்தையும் சிசியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். டீமில் இரண்டு பேர் அதே போல டிக்லைன் செய்துவிட்டார்கள். மற்றவர்களும் செய்யுங்கள்.