போர்டு நம்பர் கேட்டீங்களா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம குரூப்பில் நடந்தது உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு டிஸ்கையும் எழுதின டிஸ்கையும் ஓட வைக்கிற மாட் சிப் பத்தின பேச்சு. "பிளேஸ்டேஷன் ஒண்ணுக்கு எந்த சிப் வாங்கணும், எத்தனை வயர்?"னு கேட்ட பையனைப் பார்த்து நாலு பேர் சிரிச்சீங்க. அஞ்சாவது ஆள் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, ஒட்டிட்டுப் போ"ன்னார். ஒட்டினான். 3.5 வோல்ட்டுக்குப் பதிலா 7.5-இல். அந்தப் பவர் சப்ளையிலிருந்து ரெண்டும் வருதுன்னு சொல்ல ஒரு வாய் இல்லை.

அவன் கேள்வியில் தப்பே இல்லை. பதில் சொன்னவர் முதலில் கேட்டிருக்கணும்: போர்டு நம்பர் என்ன?

பின்பக்க ஸ்டிக்கர் போதாது, ஓடு மாறியிருக்கலாம். திறந்தா போர்டிலேயே அச்சடிச்சிருக்கும்: பியூ-18, பியூ-22, பியூ-23, சின்ன வெள்ளை பிஎஸ்ஒன்னா பிஎம்-41. ஒவ்வொண்ணுக்கும் ஒட்டுற இடம் வேற. பியூ-20 வரை கேட் பாயிண்டை, அதாவது டிஸ்கிலிருந்து வர்ற சிக்னலை அடைக்கிற இடத்தை, தரைக்கு (கிரவுண்டுக்கு) இழுத்தா போதும். பியூ-22 முதல் டிஸ்க் டிரைவோட டபிள்யூஎஃப்சிகே கிளாக் துடிப்போட சேர்ந்து சிக்னல் போகணும். ஐரோப்பிய பிஎஸ்ஒன்னான எஸ்சிபிஎச்-102-ல பயோஸே (மெஷினை எழுப்புற உள்புரோகிராமே) நாடு பார்க்கும். சாதா சிப் போட்டா வெளிநாட்டு டிஸ்க் ஓடாது, பயோஸைத் திருத்துற சிப் வேணும். இதெல்லாம் "ஒண்ணுதான்" ஆயிடுச்சு!

"திருட்டு டிஸ்க் போடத்தானே?" சிலருக்கு ஆமா, மறுக்கலை. ஆனா காசு கொடுத்து வாங்கின ஜப்பான் டிஸ்கும்தானே ஐரோப்பிய மெஷினில் ஓடாது? டிஸ்கின் உள்விளிம்பில் தடத்தையே அலையவிட்டு நாலெழுத்து வச்சிருக்காங்க: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. நம்ம சிடி ரைட்டரால அந்த அலைவை எழுத முடியாது. சிப் அந்த எழுத்தைக் கன்சோல் காதில் ஓதுது, அவ்வளவுதான்.

"2021-லேயே ஃப்ரீபிஎஸ்எக்ஸ்பூட்ங்கிற சாஃப்ட்வேர் வந்தாச்சு, மெமரி கார்டிலேயே முடிஞ்சிரும், சிப் எதுக்கு?" நியாயம். சால்டரிங் அயர்ன் பிடிச்சே பழகாதவனுக்கு அதுதான் சரியான வழி. அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா? சிரிக்க மட்டும் நேரம் இருந்துச்சு.

"எல்லாம் வீடியோவில் இருக்கு"ன்னு ஒருத்தர் வருவார். வீடியோவில் இருக்கிறது அவர் போர்டு சார், இவன் போர்டு இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு கேட்டா, நானும் ஒரு காலத்தில் முதல் கேள்வி கேட்டவன்தான். கதை வேண்டாம். வேலை தெரிஞ்சவன்னு பேர் வாங்கினவங்க சிரிச்சா, கேட்டவன் அடுத்த தடவை கேட்கவே மாட்டான், கேட்காமலே ஒட்டுவான்.

தம்பி, நீ படிச்சா இது உனக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டுத் திற. பவர் சப்ளையில் இருக்கிற பெரிய கெபாசிட்டரைத் தொடாதே. 30 கேஜ் மெல்லிய வயர், கூர்முனை அயர்ன், சுமார் 350 டிகிரி, ஃப்ளக்ஸ் தாராளமா. ஒரு பாயிண்டில் ரெண்டு மூணு செகண்டுக்கு மேல நிக்காதே, போர்டில் இருக்கிற செம்புப் பேட் பிஞ்சிரும். வயரை நீளமா விடாதே, சூடு தாங்குற காப்டான் டேப் போட்டு அமுக்கு. ஆன் பண்றதுக்கு முன்னாடி மல்டிமீட்டரில் 3.5 லைனுக்கும் தரைக்கும் ஷார்ட் இருக்கான்னு பார். பீப் அடிச்சா ஆன் பண்ணாதே. சிப் சரியா இருந்தும் எழுதின டிஸ்க் திக்கினா லேசர் தேய்ஞ்சிருக்கலாம். அமெரிக்க டிஸ்க் கறுப்பு வெள்ளையா வந்தா டிவிக்குப் போற மஞ்சள் வீடியோ வயரை விட்டுட்டு ஆர்ஜிபி ஸ்கார்ட் கேபிள் போடு.

இப்போதைக்கு அந்தச் சிப்பைக் கழட்டு. போர்டை வெளிச்சத்தில் வச்சு ஒரு படம் எடுத்து அனுப்பு, நம்பர் தெரியணும்.