அரிவரி தெரியாத ஜாவா

சில ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்க எனக்கு மூன்று நாள் போனது. மூன்று நாள்!

கிளிநொச்சிப் பக்கம் பால் சேகரிக்கிற இடமொன்றுக்கு ஜாவா என்ற நிரல் மொழியில் சின்னதாய் ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஊர்களை அரேலிஸ்ட் என்ற பட்டியலில் போட்டு, அதை அடுக்கச் சொல்லி கலெக்சன்ஸ்.சோர்ட் என்று ஒரே வரி, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். காசாளர் ஐயா அச்சடித்த தாளைப் பேனையால் தொட்டுத் தொட்டு வந்தார்: முரசுமோட்டை, முறிகண்டி, முல்லைத்தீவு, முள்ளியவளை, முழங்காவில். "தம்பி, நீர் அரிவரி படிக்கேல்லையோ? முறிகண்டி எல்லோ கடைசியா வரோணும்?"

நான் படித்தேன் ஐயா, ஜாவாதான் படிக்கவில்லை! ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துக்கு ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிற யூனிகோடில் ரகரம் 2992, றகரம் 2993, லகரம் 2994, ளகரம் 2995, ழகரம் 2996. இந்தி எழுதுகிற தேவநாகரிக்குப் பொருந்துகிற மாதிரி இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியீட்டில் போட்ட ஒழுங்கை 1991இல் அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள், அதனால் றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த எண் வரிசைக்கு ஜாவா ஆவணத்தில் வைத்திருக்கிற பெயர் 'இயல்பான வரிசை'. யாருக்கு இயல்பு?

புள்ளி இன்னும் மோசம். பன்னங்கண்டிக்குப் பிறகுதானே பனிக்கன்குளம்? இங்கே தலைகீழ், ஏனென்றால் புள்ளியின் எண் 3021, இகரக் குறிக்கு 3007. மெய்யெழுத்து முதலில் வரும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். (பால் அளவை எண்ணாக வைக்காமல் எழுத்துச் சரமாக வைத்திருந்ததால் 100 லீற்றர் 25க்கு முன்னால் வந்தது என் பிழை, அதை விடுங்கள்.)

கடைசியில், நாம் சொல்கிற ஒழுங்கில் அடுக்குகிற ரூல்பேஸ்ட்கொலேட்டர் என்ற ஜாவாக் கருவியைப் பிடித்து, அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி க், க, கா, கி என்று 247 எழுத்தையும் ஒவ்வொன்றாக நானே தட்டினேன், ஒரு கணினிக்கு அரிவரி வகுப்பு எடுத்துக்கொண்டு, இரவு ஒரு மணிக்கு, நுளம்புக்கடியில்.

புதுத் தாளை ஐயா மேலிருந்து கீழ் பார்த்தார். "ம், இப்ப சரி. அப்ப தம்பி, ஆக்களின்ர பேரையும் முன்னால நிக்கிற இனிசலை விட்டுப்போட்டு அடுக்கித் தாருமன்."