ஊசி மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது
வீட்டிலேயே சுகர் பார்க்க விரலில் குத்தும் ஊசியான லான்செட் பற்றிய கட்டுரை, ‘33 கேஜ் லான்செட் வாங்குங்கள், வலியே தெரியாது’ என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 28 கேஜ் சுமார் 0.36 மி.மீ., 33 கேஜ் சுமார் 0.2 மி.மீ. வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் தோல் காய்த்துப்போன விரலில் 33-ஐக் குத்தினால் பல நேரம் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்புக்குப் போதுமான ரத்தம் வராது. உடனே விரலை அழுத்திப் பிதுக்குவார்கள். திசு நீர் கலந்து ரீடிங் தவறும், இல்லையென்றால் மீட்டர் எரர் காட்டி ஸ்ட்ரிப் வீணாகும். அந்த விரல்களுக்கு 28 தான் பொருத்தம். வலியைக் குறைக்க இடத்தையும் ஆழத்தையும் பாருங்கள். விரல் நுனியின் நடுச்சதையை விட்டுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். லான்செட்டைப் பொருத்திக் குத்தும் பேனாவின் ஆழத்தைக் குறைந்த எண்ணில் தொடங்கி, ரத்தம் வராவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டலாம். அதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையைச் சற்றுத் தொங்கவிட்டால் ரத்தம் தானாக வரும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் சுகர் உண்மையில் இருப்பதைவிட ஏறிக் காட்டும், கவனம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு வீட்டில் எல்லோரும் ஒரே பேனாவைப் பயன்படுத்தலாம் என்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்! பேனா மூடியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது தொற்றும் திறனோடு இருக்கும். ஆளுக்கொரு பேனா, குத்துக்கொரு ஊசி. குத்திய ஊசியைக் குப்பைக்கூடையில் போடாமல் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.